அழிபட்டது எங்கை போகுது?

தண்ணீரூற்றில் என் மேசைக்கு வன்தட்டுக் கொண்டுவருகிறவர்கள் அதைப் பையிலிருந்து இரண்டு கையாலும்தான் எடுக்கிறார்கள். போன கிழமை ஒரு பிள்ளை அப்படி எடுத்து வைத்துவிட்டு, “அம்மம்மா இதுக்குள்ளைதான் இருக்கிறா” என்றாள். முப்பத்தோராம் நாள் கல்வெட்டுக்குப் போடவேண்டிய படம் அதற்குள் இருந்தது. வேறெங்கும் பிரதி இல்லை. இந்த முறை வந்த கேள்விகளும் பெரும்பாலும் இதே விசயம்தான். ஆகவே வேறு எதையும் தொடாமல் இதற்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: சாமத்தியவீட்டுப் படங்கள் இருந்த ஃபோல்டரை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் வெறுமையாக்கிவிட்டேன். போனது போனதுதானா? (ஒரு தங்கை, தண்ணீரூற்று)

பதில்: இன்னும் போகவில்லை தங்கச்சி. காணி உறுதி தொலைந்தால் காணி எழும்பி நடக்காது. கிடந்த இடத்திலேயே கிடக்கும். நீங்கள் கிழித்தது உறுதியை மட்டும்தான். விண்டோஸ் தன் பெரிய பதிவேட்டில் அந்தக் கோப்பின் வரியில் ‘இந்த இடம் வெறுங்காணி’ என்று ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். பழைய பென் டிரைவ்களில் இன்னும் எளிது: கோப்புப் பெயரின் முதல் எழுத்தை மாற்றிவிடும். படம் தட்டில் அப்படியே இருக்கும்.

ஆனால் உறுதி இல்லாத காணியில் வேறொருவர் அத்திவாரம் வெட்டலாம். பாட்டு இறக்கினால் வெட்டுவார். யூடியூப் பார்த்தாலும் வெட்டுவார், ஏனென்றால் பார்க்கும்போது கணினி தனக்குள் எழுதிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் தானாகப் புதுப்பித்தால் மதிலே கட்டிவிடுவார். ஆகவே இதை வாசிக்கும் இந்த நிமிடமே கணினியை நிறுத்துங்கள். வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இரண்டாவது தட்டாகப் பூட்டி, ரெகுவா போன்ற ஒரு மென்பொருளால் தேடலாம். கிடைத்ததைச் சேமிப்பது மூன்றாவது ஓரிடத்தில். இவ்வளவும் பழைய சுழலும் வன்தட்டுக்கு. எஸ்எஸ்டி என்றால் கீழே வேறு பதில் இருக்கிறது, அது இவ்வளவு இனிப்பானதல்ல.

கேள்வி: மீட்கும் மென்பொருளை எங்கே நிறுவ வேண்டும்? (உயர்தர மாணவன், முள்ளியவளை)

பதில்: எங்கேயும் நிறுவலாம் தம்பி, படம் தொலைந்த தட்டில் மட்டும் வேண்டாம்.

கேள்வி: வற்றாப்பளைப் பொங்கலுக்கு முதல் கிழமை, சிலாவத்தையில் தீர்த்தமெடுத்தது தொடக்கம் காட்டா விநாயகரில் கடல்நீரில் விளக்கெரித்தது வரை எடுத்த மெமரி காட்டை, வீட்டில் யாரோ கமராவில் போட்டு ஃபோர்மட் செய்துவிட்டார்கள். (படப்பிடிப்பாளர், முள்ளியவளை)

பதில்: அண்ணை, காட்டை வெளியே எடுத்து, அதன் ஓரத்தில் இருக்கும் சிறு பூட்டை இறக்கிவிடுங்கள். அந்தப் பூட்டு எழுதவிடாது. கமராவின் ஃபோர்மட் பெரும்பாலும் பதிவேட்டின் முன்பக்கத்தை வெள்ளையடிப்பதோடு நின்றுவிடும். உள்ளே இருப்பதைத் தேட போட்டோரெக் என்று ஒன்று உண்டு. பிரான்ஸ்காரர் கிறிஸ்தோப் கிரெனியே எழுதி உலகுக்கு இலவசமாகக் கொடுத்தது. அது பதிவேட்டைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் தொடக்கத்தில் ஒரு கையெழுத்து உண்டு. படங்களுக்கு ஒன்று, பிடிஎஃபுக்கு ஒன்று என்று. 480க்கு மேற்பட்ட கோப்பு நீட்சிகளை அதற்குத் தெரியும். காட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக்கொண்டு போய், கையெழுத்துக் கண்ட இடத்திலெல்லாம் கோப்பை வெட்டி எடுத்து வெளியே வைக்கும்.

இதில் இரண்டு விசயம் உங்களை வருத்தும். படங்கள் நன்றாக வரும், ஆனால் நீண்ட வீடியோ துண்டு துண்டாகப் பல இடத்தில் எழுதப்பட்டிருந்தால் ஓடாமல் நிற்கும். மற்றது, பெயர்கள் வராது. பழைய பெயர் பதிவேட்டோடு போய்விட்டதால் எல்லாமே ஓரெழுத்தும் நீண்ட இலக்கமுமாய் வந்து குவியும். மேலே சொன்ன அம்மம்மாவின் படமும் அப்படித்தான் வந்தது, ஆயிரக்கணக்கான பெயரில்லாப் படங்களுக்கு நடுவில். அந்தப் பிள்ளை மத்தியானம் இருந்து திரையைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். விளக்கு வைக்கிற நேரம், முகம் தெரியமுதலே, ஒரு படத்தின் ஓரத்தில் நீலச் சேலைக்கரையைக் கண்டு, “நிப்பாட்டுங்கோ அண்ணா” என்றாள். அது எந்த மென்பொருளும் செய்யாத வேலை.

விளக்கெரித்த காட்சி கிடைத்தால் எனக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள் அண்ணை.

கேள்வி: எங்கள் வன்தட்டு டிக் டிக் என்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு இரவு வைத்தால் சரிவருமென்று மகன் சொல்கிறான். (ஓய்வுபெற்ற அதிபர், ஒட்டுசுட்டான்)

பதில்: வேண்டாம் ஐயா. தயவுசெய்து வைக்காதீர்கள். அந்தக் கதை நானும் கேட்டதுதான். குளிரிலிருந்து எங்கள் வெக்கைக்குள் எடுத்தவுடன் உள்ளே ஈரம் பூக்கும். அந்த ஈரத்தோடு தட்டுச் சுழன்றால் மிச்சமும் முடிந்தது.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சாதாரண லப்டொப் வன்தட்டு நிமிடத்துக்கு 5,400 தரம் சுழலும், அதாவது செக்கனுக்கு 90 சுற்று. வாசிக்கும் ஊசித்தலை தட்டைத் தொடுவதில்லை. சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதக்கிறது. எங்கள் தலைமயிர் ஒன்றின் தடிப்பு பல பத்தாயிரம் நானோமீட்டர். ஒட்டுசுட்டான் றோட்டுச் செம்மண் புழுதியில் ஒரு மணி அந்த இடைவெளிக்குள் போவதென்றால், வரம்புக்குக் கீழே யானையை நுழைப்பது போலத்தான். டிக் டிக் என்பது தலை தன் இடத்தைத் தேடிப் போய்க் காணாமல் திரும்பிவரும் சத்தம். ஒவ்வொரு டிக்கும் தட்டில் கீறலாக இருக்கலாம்.

மின்சாரத்தைத் துண்டியுங்கள். மென்பொருள் எதுவும் ஓட்ட வேண்டாம். மூடியைத் திறக்க யாராவது திருகாணிக் கட்டை எடுத்தால் கையைப் பிடியுங்கள். தூசியில்லா அறை உள்ள மீட்பு நிலையம்தான் இதற்கு வழி. தலையை மாற்றிப் பூட்டி ஒரே ஒரு தடவை வாசித்தெடுப்பார்கள். அனுப்பமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எடுக்கமுடியாவிட்டால் பணம் உண்டா, எடுத்த கோப்புகளின் பட்டியலைப் பணம் கட்டமுன் காட்டுவீர்களா. பதில் மழுப்பலாக வந்தால் வேறிடம் பாருங்கள்.

கேள்வி: தவணைப் பரீட்சை வினாத்தாள் எல்லாம் பென் டிரைவில். பள்ளிக்கூடக் கணினியில் போட்டு எடுத்தேன், எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறிவிட்டது. (ஆசிரியை, குமுளமுனை)

பதில்: ரீச்சர், உங்கள் வினாத்தாள் ஒன்றும் அழியவில்லை, ஒளிக்கப்பட்டிருக்கிறது. இது பழைய வைரஸ் ஒன்றின் வேலை. உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் போலி ஷோர்ட்கட் வைக்கும். அதைத் திறந்தால் வைரஸ் உங்கள் கணினிக்கும் வரும், ஆகவே இரட்டைக் கிளிக் வேண்டாம். வைரஸ் தடுப்பு உள்ள கணினியில் முதலில் ஸ்கான் பண்ணுங்கள். பிறகு ஃபோல்டர் தெரிவுகளில் மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டு என்பதைப் போடுங்கள். அதற்குக் கீழே இயங்குதளக் கோப்புகளை மறை என்று ஒரு சரி இருக்கும், அதையும் எடுத்துவிடுங்கள். பலர் இந்த இரண்டாவதை விட்டுவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று பென் டிரைவையே ஃபோர்மட் செய்துவிடுகிறார்கள். மங்கலான நிறத்தில் உங்கள் ஃபோல்டர்கள் தெரியும். உள்ளே இருக்கும் வினாத்தாள்களை மட்டும் வெளியே பிரதி பண்ணுங்கள்.

கேள்வி: எஸ்எஸ்டியில் அழித்ததை மீட்கலாமா? (தனியார் நிறுவன ஊழியர், கிளிநொச்சி)

பதில்: பெரும்பாலும் இல்லை. சுழலும் தட்டு சோம்பேறி, புதிதாக எழுத வேண்டி வரும்வரை பழையதை விட்டுவைக்கும். எஸ்எஸ்டி தன் முற்றத்தைத் தானே கூட்டும். கோப்பை அழித்தவுடன் விண்டோஸ் ‘டிரிம்’ என்றொரு கட்டளை அனுப்பும் (2009இல் வந்த விண்டோஸ் 7 தொடக்கம் இந்தப் பழக்கம்), எஸ்எஸ்டி அந்த இடங்களைத் துடைக்கத் தொடங்கும். பிறகு தேடினால் வெறும் பூச்சியங்கள்தான். உடனே மின்சாரத்தை நிறுத்தினால் மட்டும் கொஞ்சம் வாய்ப்புண்டு.

இன்னொன்றும் பார்த்து வையுங்கள். புதிய லப்டொப் பலவற்றில் பிட்லொக்கர் என்ற பூட்டு தானாகவே விழுந்திருக்கும். கணினிப் பலகை பழுதாகி எஸ்எஸ்டியைக் கழற்றி வேறிடத்தில் போட்டால் 48 இலக்க மீட்புத் திறப்பைக் கேட்கும். அது இல்லாமல் யாராலும் திறக்கமுடியாது. இன்றைக்கே உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் அதைத் தேடி, தாளில் எழுதி, அடையாள அட்டைப் பிரதி வைக்கிற கோவைக்குள் வையுங்கள்.

கேள்வி: போனில் அழித்தது? (பலர்)

பதில்: முதலில் படச்செயலிக்குள் இருக்கும் குப்பைத்தொட்டியைப் பாருங்கள். கூகுள் போட்டோஸ், மேகத்துக்கு ஏறிய படத்தை 60 நாள் வைத்திருக்கும், ஏறாததை 30 நாள். அதுவும் தாண்டினால், இன்றைய போன்கள் எல்லாவற்றையும் பூட்டியே எழுதுவதால், ‘மீட்டுத் தருகிறோம்’ என்ற செயலிகளை நம்பிப் பணம் கட்டாதீர்கள். படத்தை யாருக்காவது வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அவரிடம் திருப்பிக் கேளுங்கள். பல பேருக்கு அதுவே கைகொடுத்திருக்கிறது.

கேள்வி: அப்பாவின் நினைவு மலர்க் கோப்பை மீட்டோம். ஆனால் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறது. கோப்பு பழுதாகிவிட்டதா? (ஒரு குடும்பத்தினர், புதுக்குடியிருப்பு)

பதில்: பழுதில்லை. அது பாமினி. எங்கள் அச்சகங்களில் கல்வெட்டும் கலியாணக்காட்டும் கோயில் நோட்டீசும் எத்தனையோ வருடம் பாமினி எழுத்துருவில்தான் பேஜ்மேக்கரில் அடிபட்டன. ஆங்கில எழுத்தின் முகத்தில் தமிழ் எழுத்தை வரைந்து வைத்த உரு அது. அந்த உரு இல்லாத கணினியில் ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். அந்த அரைப்புள்ளிதான் புள்ளி, எச் தான் அரவு. இப்படித் திறந்து பார்த்துக் ‘குப்பை’ என்று அழித்துவிட்ட கோப்புகளை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்காது. பாமினி உருவை நிறுவுங்கள், அப்பா எழுந்து வருவார். பிறகு ஒரு மாற்றியால் யூனிகோட்டுக்கு மாற்றி இரண்டையும் வைத்திருங்கள்.

ஒரு வேண்டுகோள். அந்த மலரின் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். 2005இல் தொடங்கிய அந்த இணைய நூலகத்தில் எங்கள் ஊர்களின் நினைவு மலர்கள் ஏராளம் இருக்கின்றன. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அவற்றில் இருந்தன.

கேள்வி: மாரி வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. கணினி முழுக நின்றது. காயவைத்துப் போட்டுப் பார்க்கட்டா? (கடை உரிமையாளர், முல்லைத்தீவு)

பதில்: காயவைக்கவும் வேண்டாம், போட்டுப் பார்க்கவும் வேண்டாம். வெயிலில் காய்ந்தால் தண்ணீர்தான் போகும். சேறும் உப்பும் தட்டில் ஒட்டிக்கொள்ளும். வன்தட்டை ஈரத்தோடேயே, ஈரத்துணியில் சுற்றி, காற்றுப் புகாத பொலித்தீனில் கட்டி மீட்பு நிலையத்துக்கு அனுப்புங்கள். அரிசிக்குள் புதைப்பதும் தலைமயிர் உலர்த்தியும் வேண்டாம்.

நம்பிக்கை இழக்காதீர்கள். 2003 பெப்ரவரி 1இல் கொலம்பியா விண்ணோடம் வானத்தில் உடைந்து சிதறியது, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் போனார்கள். அதில் இருந்த ஒரு வன்தட்டு அமெரிக்காவின் டெக்சாஸில் தரையில் விழுந்து மாதக்கணக்கில் கிடந்தது. பிளாஸ்டிக் உருகி, உள்ளே மண் புகுந்திருந்தது. ஒன்ட்ராக் என்ற மீட்பு நிறுவனத்தார் அதைத் திறந்து, தட்டுகளைக் கழுவி, வேறு உடலுக்குள் பூட்டி, ஏறத்தாழ 99 வீதத் தரவை எடுத்தார்கள். செனன் வாயு பற்றிய அந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. தட்டு பாதிதான் நிரம்பியிருந்ததும், பழைய டொஸ் இயங்குதளம் தரவைச் சிதறவிடாமல் ஓரிடமாக எழுதியிருந்ததும் பெரிய உதவி. வானத்திலிருந்து விழுந்தது பிழைத்தது என்றால், முல்லைத்தீவு வெள்ளத்தில் நனைந்ததற்கும் வழி இருக்கும்.

கேள்வி: பழைய லப்டொப்பை விற்கப்போகிறேன். ஃபோர்மட் செய்தால் போதும்தானே? (பல்கலைக்கழக மாணவி, வவுனியா)

பதில்: போதாது தங்கச்சி. நான் மேலே சொன்ன நல்ல செய்தி எல்லாம் உங்களுக்குக் கெட்ட செய்தி. உங்கள் படங்களை நான் மீட்கலாமென்றால், வாங்குகிறவரும் மீட்கலாம். விண்டோஸின் மீளமைப்பில் ‘வட்டை முழுமையாகத் துடை’ என்ற தெரிவைப் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். திருத்தக் கொடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். முடிந்தால் பக்கத்தில் இருங்கள். மீட்ட பிரதியைக் கடைக் கணினியிலிருந்து உங்கள் கண்முன்னால் அழிக்கச் சொல்லுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். நேர்மையான திருத்துநர் அதற்குக் கோபிக்கமாட்டார்.

கேள்வி: இவ்வளவு கவனம் சாதாரண ஆட்களுக்குச் சரி. அரசாங்கத்துக்கெல்லாம் இப்படி நடக்குமா? (வாசகர், தண்ணீரூற்று)

பதில்: நடந்தது. 2023 ஓகஸ்டில் லங்கா அரச மேகக் கணிமை கப்பம் கேட்கும் வைரஸ் தாக்குதலுக்கு உள்ளானது. தரவைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வகை. அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000, அமைச்சரவை அலுவலகத்தினது உட்பட, அந்த ஆண்டு மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான தரவை இழந்தன. சேவையைச் சில மணித்தியாலத்தில் திருப்பி எழுப்பிவிட்டார்கள். ஆனால் அந்த மூன்று மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்குத் தனியே எடுத்து வைத்த பிரதி இல்லை. நாட்டின் அமைச்சரவை அலுவலகத்துக் கடிதங்களும் அவற்றில் அடக்கம். மீட்பு மென்பொருள் இந்த இடத்தில் ஒன்றும் செய்யாது.

கேள்வி: சரி, எத்தனை பிரதி வைத்தால் நிம்மதியாகப் படுக்கலாம்? (வாசகி, நீராவிப்பிட்டி)

பதில்: மூன்று. இரண்டு வேறு வேறு வகைப் பொருளில். ஒன்று வேறு ஊரில். பீற்றர் குறோ என்ற படப்பிடிப்பாளர் ஊரறியச் செய்த கணக்கு இது. எங்களுக்கு அந்த ‘வேறு ஊர்’ கஷ்டமில்லை. பாரிசில் சித்தப்பா இருப்பார், ரொறன்ரோவில் அக்கா இருப்பா. லீவுக்கு வருகிறவரிடம் ஒரு பென் டிரைவ் கொடுத்துவிடுங்கள்.

1998இல் ‘டோய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகளை யாரோ ஒரே கட்டளையில் அழித்துவிட்டார்கள். நிறுவனத்தின் காப்புப் பிரதியும் வேலை செய்யவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை செய்த கேலின் சஸ்மன் என்ற பெண்ணின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் ஏற்றி, மெல்ல மெல்ல ஓட்டிக்கொண்டு போனார்கள்.

எனக்கு அந்தப் போர்வையைப் பற்றி வாசித்தபோது எங்கள் ஊர்தான் நினைவுக்கு வந்தது. 2009இல், போரின்போது, ஆல்பங்களைப் பொலித்தீனில் சுற்றி வளவுக்குள் தாட்டுவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர். திரும்பி வந்து தோண்டினால் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகக் கிடந்தன. காகிதப் படத்துக்கு இரண்டாவது பிரதி எடுக்க அப்போது காசும் இல்லை, ஸ்ரூடியோவும் இல்லை. இன்று ஒரு பென் டிரைவும் பத்து நிமிடமும் போதும். அந்தப் பத்து நிமிடத்தை நாங்கள் ஒதுக்காமல் இருப்பது எனக்கு மிகவும் வலிக்கிறது.

கேள்வி: மகனின் பிறந்தநாளுக்கு எடுத்த படங்களை 2006இல் ஒரு சீடியில் எழுதித் தந்தார்கள். அவனுடைய முகம் இருக்கிற பொருள் எங்களிடம் அது ஒன்றுதான். போட்டால் சுத்துது, திறக்குதில்லை. (ஒரு அம்மா, கள்ளப்பாடு)

பதில்: அம்மா, அதை இனி எந்த டிரைவிலும் போட வேண்டாம். பற்பசை, தேங்காயெண்ணெய் என்று யார் சொன்னாலும் பூசவிடாதீர்கள். விளிம்பில் மட்டும் பிடியுங்கள். பெயர் எழுதியிருக்கும் மேற்பக்கத்தைத்தான் கூடுதலாகக் காக்க வேண்டும். படம் பதிந்திருக்கும் படை அந்தப் பக்கத்துக்குக் கீழே மெல்லிசாக இருக்கிறது, அங்கே கீறு விழுந்தால் திருத்தமுடியாது. பளபளக்கும் கீழ்ப்பக்கத்துக் கீறலை ஓரளவு சமாளிக்கலாம். மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, வெயில் படாமல் வைத்திருங்கள்.

சீடியை எல்லா டிரைவும் ஒரே மாதிரி வாசிப்பதில்லை. ஒன்று விட்ட துண்டை இன்னொன்று எடுக்கும். என்னிடம் பழைய டிரைவ்கள் நாலு இருக்கின்றன. டிடிரெஸ்கியூ என்ற இலவசக் கருவி, முதலாவது டிரைவில் கிடைத்ததை எழுதி, கிடைக்காத இடத்தைக் குறித்து வைக்கும். இரண்டாவது டிரைவில் அந்த இடங்களை மட்டும் திரும்பத் தேடும். மெதுவாகத்தான் நடக்கும். கரண்ட் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கட்டாயம் எடுத்துத் தருவேன் என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்கமாட்டேன், ஆனால் நாலு டிரைவிலும் முயலாமல் விடமாட்டேன். காசு வேண்டாம். கிடைத்தால் முதலில் தாளில் ஒரு படம் அடித்து உங்கள் கையில் தருவேன், பென் டிரைவ் அதற்குப் பிறகு.

நீங்களே நேரில் வாங்கோ அம்மா. பதிவேடு கெட்டிருந்தால் படங்கள் பெயரில்லாமல்தான் வரும். பிறந்தநாளுக்கு வந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே உயரத்தில் நிற்பார்கள். எது உங்கள் பிள்ளை என்று காட்ட நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.